செருப்புகளுக்கு மேலே தொங்கிய தோல் கோட்டு

அம்மா அந்த ஆணியை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஆணி உறுதியாகத்தான் இருந்தது. அதில் தொங்கிக்கொண்டிருந்த தோல் கோட்டைத்தான் காணவில்லை.

ஆணிக்குக் கீழே செருப்புத் தட்டு. அப்பாவின் ரயில்வே பூட்ஸ், பத்மா அக்காவின் வெள்ளைச் செருப்பு, என்னுடைய ஜப்பான் சிலிப்பர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அம்மா குனிந்து தட்டுக்கு அடியில் பார்த்தார். குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். பக்கத்து வீட்டு வேலியை எட்டிப் பார்த்தார்.

"நேத்துக் காலையில கோயிலுக்குப் போறப்பகூடப் பார்த்தேனே. யாருப்பா எடுத்துட்டுப் போயிருப்பா?"

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எனக்கு எப்படிம்மா தெரியும்? வெளிய தொங்குனா போகத்தான் செய்யும்" என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை என் அசட்டுத்தனங்களை எவ்வளவோ எழுதிவிட்டேன். படித்துவிட்டுச் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் காலையில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கோட்டு திருடு போகவில்லை. முந்தைய நாள், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நானே அதைச் சுருட்டி ஒரு கோணிப் பைக்குள் திணித்து, மோட்டார் சைக்கிளில் கட்டி, கிள்ளானில் இருந்த என் நண்பன் சேகர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தேன். அது அப்போது என் கோட்டும் இல்லை. பத்மா அக்கா நர்ஸ் பயிற்சிக்கு இங்கிலாந்து போக ஒன்பது நாள் இருந்தது. அந்தக் கோட்டை அவளுக்குக் கொடுத்துவிடு என்று அம்மா கேட்டிருந்தார். சரி என்று நானும் தலையாட்டியிருந்தேன்.

சில வாரங்களுக்கு முன்பு, என்னிடம் பதினொரு தோல் கோட்டுகள் இருக்கின்றன என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள். செமினியிலிருந்து ஓர் அம்மையார், "கோலாலம்பூர் வெயிலில் அவற்றை எப்போது அணிவீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். என் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் மரியாதை இல்லாமல் கேட்டார். இருவருக்கும் சேர்த்து இந்த வாரம் பதில்.

பாசார் காராட்டில் ஒரு காலை

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்சில் வீடு. அப்பா சிக்னல் பிரிவில் இருந்தார். ரயில் சத்தம் கேட்காவிட்டால் எங்களுக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாசார் காராட் என்ற பழைய சாமான் சந்தை கூடும். துருப்பிடித்த குழாய், ஓடாத கைக்கடிகாரம், ஒற்றைக் கால் பட்டாளத்து பூட்ஸ் என்று யாருக்குமே தேவைப்படாத சாமான்களைத் தரையில் பாய் விரித்துப் பரப்பியிருப்பார்கள். எனக்கும் ஒன்றும் தேவையில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போவேன்.

அன்று ஒரு சீனக் கிழவர் குடைக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் கோட்டை மடியில் போட்டிருந்தார். பழுப்பு நிறம். இடுப்போடு நிற்கும் நீளம். அகலமான காலர். பித்தளை ஜிப். உள்ளே சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளித் துணி. இரண்டு முழங்கையிலும் தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. யாரோ ஒருவன் வருடக்கணக்கில் மேசையில் முழங்கையை ஊன்றி எதையோ யோசித்திருக்கிறான் என்று தோன்றியது.

"ஓராங் பூத்தே புன்யா. பாகுஸ் லா!" என்றார் கிழவர். வெள்ளைக்காரன் போட்டது, அருமையான சரக்கு என்று சந்தை மலாயில் சிபாரிசு.

கையை நுழைத்தேன். முதலில் சில்லென்று இருந்தது, காலையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்த மாதிரி. தோள் கச்சிதமாகப் பொருந்தியது. ஐந்து நிமிடத்தில் அது என் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டது. பத்தாவது நிமிடம் வேர்த்துக் கொட்டியது. ஆனால் கழற்ற மனம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வரை போட்டுக்கொண்டே வந்தேன். வழியில் கடலைக்கார அண்ணன் ஒருவர், "என்ன பாஸ், காய்ச்சலா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

தோல் வெளியே

வாசலிலேயே அம்மா மறித்துவிட்டார்.

"இது என்னது?"

"ஜாக்கெட்டும்மா."

எங்கள் வீட்டில் ஜாக்கெட் என்றால் அம்மா புடவைக்குத் தைத்துக்கொள்வது. அதனால் என்னுடையது அன்றே கோட்டு ஆகிவிட்டது. அம்மா கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"என்ன தோலு?"

"மாட்டுத் தோல்தான்."

"சாமி ரூம் இருக்குற வீட்டுக்குள்ள மாட்டுத் தோலா? செருப்பு எங்க கெடக்குதோ அங்க கெடக்கட்டும்."

"அப்பா பெல்ட்டு மட்டும் உள்ள வருது?"

"அதை நீயே அவர்கிட்ட கேளு."

கேட்கவில்லை. அம்மாவே சுத்தியலை எடுத்து வந்து செருப்புத் தட்டுக்கு மேலே ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். அன்று முதல் அதுதான் கோட்டின் வீடு. வெளியே போகும்போது முதலில் செருப்பு, அப்புறம் கோட்டு. திரும்பி வந்தால் முதலில் கோட்டு, அப்புறம் செருப்பு. கோட்டைத் தொட்ட கையோடு உள்ளே வந்தால், "கையைக் கழுவு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அம்மாவுக்கு எப்படித்தான் தெரியுமோ.

அப்போது அதை நான் போட்டது மூன்றே இடங்களில். விடிகாலை மழையில் மோட்டார் ஓட்டும்போது. ஏசி போட்ட தியேட்டரில். மூன்றாவது, எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால். கண்ணாடி உள்ளே இருந்ததால் வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வேன்.

நம் ஊர் ஈரத்தில் தோலை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். ஒரு முறை மெருகு வரட்டும் என்று தேங்காய் எண்ணெயைப் பூசி வைத்தேன். மறுநாள் காலையில் எறும்புகள் சாரை சாரையாகக் காலரில் ஏறிப் பாக்கெட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "டேய், தாளிச்சுக் கொட்டிட வேண்டியதுதானே?" என்றாள்.

பிறகு அவள்தான் எனக்கு வழி சொன்னாள். எண்ணெய் வேண்டாம், பழைய பருத்தித் துணியால் துடை, வெயிலில் போடாதே, நிழலில் காற்றாட விடு. ஆஸ்பத்திரி வேலையில் சேருவதற்கு முன்பே அவளுக்கு வைத்தியம் பார்க்கும் குணம் இருந்தது.

குளிர்ப் பெட்டி

எங்கள் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. குளிர் தேசத்துக்குப் படிக்கப் போகிறவர்களுக்காக ஒரு தகரப் பெட்டி வீடு வீடாகச் சுற்றும். கம்பளிக் கோட்டு, கையுறை, மப்ளர், முழங்கால் வரை காலுறை. போகிறவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார். திரும்பி வருகிறவர் தன்னுடையதை அதில் போடுவார். அதற்கு எங்கள் தெருவில் குளிர்ப் பெட்டி என்றே பெயர். யாரும் தொடங்கி வைத்ததாக நினைவில்லை. யாரும் அதைத் தன்னுடையது என்று சொன்னதும் இல்லை.

அக்காவுக்கு இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்ததும் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா திறந்தார். அந்துருண்டை வாசம் கூடத்தை நிறைத்தது. இரண்டு கையுறை இருந்தன, இரண்டுமே இடது கை. நல்ல கோட்டை எடுத்துப் போனவர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாராம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பூச்சி அரித்து வெளிச்சம் அந்தப் பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"சல்லடையாட்டம் இருக்கே" என்றார்.

நான் வாசலில் உட்கார்ந்து என் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே வந்து பக்கத்தில் நின்றார்.

"ராஜா, இதை அக்காவுக்குக் குடுத்துடேன்பா. அங்க பனி கொட்டுமாமே."

சொல்லிவிட்டுப் புறங்கையால் கோட்டைத் தடவிப் பார்த்தார். அதை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. "நல்லா தடிமனாத்தான் இருக்கு" என்றார்.

"சரிம்மா" என்றேன்.

ஆனால் நானும் சேகரும் ஆறு மாதமாக ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தோம். சீனப் புத்தாண்டு விடுமுறையில் மோட்டாரிலேயே கேமரன் மலை. உண்மையான குளிரில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. அக்காவைவிடக் கோட்டு பெரிதா என்று கேட்காதீர்கள். அன்று பெரிதாகத்தான் இருந்தது.

இல்லையென்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இல்லை. அதனால் கிள்ளானுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தேன்.

காலியான ஆணியைப் பார்த்த அந்தக் காலையில், அம்மா என்னை ஒரு வார்த்தை சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் நான் உளறியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நான்தான்டி வெளிய வைக்கச் சொன்னேன். உள்ள வச்சிருந்தா போயிருக்குமா? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"விடுங்கம்மா. அங்க போய் வாங்கிக்கிறேன்" என்றாள் அக்கா.

அம்மா மூன்று நாள் உட்கார்ந்து அந்தச் சல்லடைக் கோட்டைத் தைத்தார். சாம்பல் நிற நூல் கிடைக்கவில்லை, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தேடி நீல நூல்தான் வாங்கி வந்தார். சுபாங் விமான நிலையத்தில் அக்கா அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். நீலத் தையல்கள் மழைத் துளி விழுந்த மாதிரி கோட்டு முழுவதும் தெரிந்தன. அவள் என் தலையில் குட்டி, "அம்மாவைப் பார்த்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பத்திரண்டு பல்லும் தெரிய

மலைக்குப் போனேனா? போனேன். மனசாட்சி உறுத்தி வழியெல்லாம் தவித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுதக்கூடாது.

விடியற்காலையில் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். தாப்பா ஊரைத் தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கியதும் காற்று மாறியது. மூங்கில், ஈர மண், எங்கோ எரியும் விறகு. ஒவ்வொரு வளைவுக்கும் குளிர் ஒரு படி ஏறியது. காலரைத் தூக்கிவிட்டு, ஜிப்பைத் தாடை வரை இழுத்தேன். நெஞ்சுக்கு வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. சந்தோஷத்தில் நான் வாய்விட்டுப் பாடினேன். பின்னால் உட்கார்ந்திருந்த சேகர், "டேய், ரோட்டைப் பாரு லா!" என்று கத்தினான்.

தேயிலைச் சரிவில் நிறுத்தி, இரவல் கேமராவில் அவன் என்னை ஒரு படம் எடுத்தான். கோட்டுப் பாக்கெட்டில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

உறுத்தல் பிறகு வந்தது. அக்காவின் முதல் நீல விமானக் கடிதத்தோடு வந்தது.

கடிதங்களை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். ஹாஸ்டல், சாப்பாடு, வார்டில் ஒரு கிழவி அவளைத் தன் பேத்தி என்று நினைத்துக்கொள்வது. நடுவில் ஒரு வரி: 'கை விரல் எல்லாம் வீங்கிச் சிவந்துபோய் மோதிரம் கழற்ற முடியவில்லை. குளிருக்கு அப்படித்தான் ஆகுமாம்.' அந்த வரியை நான் தாண்டிப் போனேன்.

"குளிரைப் பத்தி ஒண்ணும் எழுதலயா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லம்மா."

அம்மா கடிதத்தை வாங்கி மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மத்தியான வேளையில் எடுத்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று தாண்டிப் படித்தேன்.

கேமரன் மலைப் படத்தை ஒரு தடித்த அகராதிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். சில மாதம் கழித்துத் தேடியபோது காணவில்லை. அந்த வீட்டில் புத்தகங்களும் பூஞ்சணம் பிடிக்கும். அம்மா அவ்வப்போது எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் உலர்த்துவார். எங்கோ விழுந்து தொலைந்திருக்கும் என்று நினைத்து, ஒரு வகையில் நிம்மதி அடைந்தேன்.

பல்பு எரியும் அலமாரி

ஒரு நாள் அம்மா தாமாகவே சொன்னார்.

"இனிமே தோலு வாங்குனா உள்ளயே வச்சுக்கப்பா. வெளிய வச்சா தொலஞ்சு போகுது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அனுமதி அனுமதிதானே. இரண்டாவது கோட்டு வந்தது. கறுப்பு, குறுக்கே ஜிப் ஓடும் மோட்டார்காரர் கோட்டு. மூன்றாவது, காலரில் ஆட்டு ரோமம் வைத்தது, விமானி மாதிரி. நான்காவது இடுப்பில் பெல்ட் கட்டுவது. வாங்கும்போது முதலில் அக்குளைப் பார்ப்பேன், தோல் அங்கேதான் முதலில் வெடிக்கும். அப்புறம் ஜிப்பை மேலும் கீழும் பத்து முறை இழுப்பேன். கடைசியில் முழங்கை. முழங்கை தேயாத கோட்டை நான் வாங்கியதே இல்லை. ஏனென்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

எல்லாம் ஓர் அலமாரியில் தொங்கின. உள்ளே அடியில் ஒரு சிறிய மஞ்சள் பல்பு இரவு பகலாக எரியும். ஈரத்தை விரட்ட அதுதான் மருந்து. கதவு இடுக்கில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்து, உள்ளே சாமி வைத்திருக்கிறேனா என்று ஒரு விருந்தாளி கும்பிடவே போய்விட்டார். அம்மாவுக்கு அன்று வந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது.

ஊரே இரவல் கேட்டது. கேமரன் மலைக்குத் தேனிலவு போன ஜோடிகள் எத்தனை பேர் என் கோட்டுகளில் படம் எடுத்துக்கொண்டார்களோ. ஸ்ட்ராபெரி ஜாம் போத்தலோடு திருப்பிக் கொடுப்பார்கள். குளிர் தேசத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் வந்தால் மட்டும் திருப்பிக் கேட்க மாட்டேன். குளிர்ப் பெட்டி எப்போதோ துருப்பிடித்து மறைந்துவிட்டது. ஒன்று போனால் ஒன்று வாங்கி வைப்பேன்.

"நீ தர்மப் பிரபு லா" என்பான் சேகர். அவனுக்கு மட்டும் தெரியும், கிண்டலாகத்தான் சொல்வான்.

ஏனென்றால் முதல் கோட்டு இன்னும் அவன் வீட்டில்தான் இருந்தது. திருடு போனதாகச் சொன்ன கோட்டை எந்த முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருவது? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போய், அதை எடுத்துத் துடைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடி மாட்டிவிட்டு வருவேன். சேகர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் அம்மா முறுக்கு கட்டிக் கொடுப்பார். சில சமயம் பழைய வேட்டியைக் கிழித்து, மிருதுவான துணியாக மடித்துச் சேர்த்து வைப்பார்.

"எதுக்கும்மா துணி?"

"மோட்டார் தொடைக்க ஆகும்ல. கொண்டு போ."

அப்பா ஓய்வு பெற்றதும் குவாட்டர்சைக் காலி செய்து ஸ்ரீ கெம்பாங்கானுக்கு மாறினோம். புது வீட்டு வாசலில் செருப்புத் தட்டு வைத்த அன்றே, அதற்கு மேலே ஓர் ஆணி அடிக்கச் சொன்னார் அம்மா. குடைக்காக இருக்கும் என்று நினைத்தேன். குடையை அவர் கதவுக்குப் பின்னால் மாட்டினார். அந்த ஆணியில் வருடக்கணக்காக ஒன்றும் தொங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா கொண்டு வந்த படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மா போய்விட்டார். அப்பா அதற்கும் முன்பே. இங்கிலாந்திலேயே குடும்பமாகிவிட்ட அக்கா, கணவரைப் பிள்ளைகளோடு அங்கே விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். இடையில் இரண்டு முறை வந்து போயிருக்கிறாள், கோட்டுப் பேச்சே எழுந்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம். அம்மாவின் புடவைகளைப் பிரித்து அடுக்கிவிட்டு, என் அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னாள். ஒவ்வொரு கோட்டாகத் தொட்டுப் பார்த்தாள். முழங்கைகளைக் கூட.

"முதல் கோட்டு எங்கடா?"

"அதான் திருடு போச்சே."

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. தேயிலைச் சரிவு. பாக்கெட்டில் கட்டைவிரல். முப்பத்திரண்டு பல்.

"இது உனக்கு எப்படி?" என்றுதான் கேட்க வந்தது.

"பின்னால பாரு."

பென்சிலில், அம்மாவின் கோணல் மாணலான எழுத்து.

*தம்பி நல்லா இருக்கான். கோட்டும் நல்லா இருக்கு. அவனா சொல்லட்டும். நீ கேக்காத.*

தரையில் உட்கார்ந்துவிட்டேன். முறுக்குப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. மோட்டாருக்கென்று கொடுத்த வேட்டித் துணி நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் அம்மா காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் நான் கிள்ளானிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று கதவோரம் நின்று பார்த்திருப்பார். நான் கைகழுவிவிட்டு, "என்னம்மா சாப்பாடு?" என்று கேட்டிருக்கிறேன். அழுதேன். அம்மா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

"எப்ப அனுப்புனாங்க?" என்றேன்.

"நான் போன வருசமே. அப்ப அங்க குளிர்கூட விடல."

"நீயாவது கேட்டிருக்கலாம்லக்கா."

"அம்மாதான் கேக்காதன்னு எழுதிட்டாங்களே. எனக்கு மட்டும் கோவம் வராம இருந்துச்சா? அம்மா தச்ச அந்தக் கோட்டுக்குள்ள குளிருக்குப் பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டு வார்டுக்கு நடந்து போவேன். ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து, இந்தப் படத்தை ஜன்னல்ல ஒட்டி வச்சு, 'சிரிக்கிறியாடா, சிரிடா'ன்னு திட்டுவேன். தெனம் திட்டுவேன். திட்டித் திட்டி அந்த மூஞ்சி புடிச்சுப் போச்சு. அந்த ஊர்ல எனக்குப் பேச வேற யாரு இருந்தா?"

சொல்லிவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், சுபாங்கில் வைத்த மாதிரியே.

ஆணி

மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். சேகர் கோட்டை எடுத்துக் கொடுத்தான். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கோட்டைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, நான் நனைந்துகொண்டு வந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். அம்மா அடிக்கச் சொன்ன ஆணியில் கோட்டை மாட்டினேன். திறந்த கதவு வழியாகக் கூடத்தில் அம்மாவின் படமும், அதற்கு முன்னால் எரிந்த விளக்கும் தெரிந்தன.

"அம்மா, அது திருடு போகலம்மா. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். சமையலறையில் அக்கா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அக்கா அந்த ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். "அங்க எனக்கு இதைவிட நல்ல கோட்டு நாலு இருக்கு" என்றாள். "இருந்தாலும் என் கோட்டை நான் எடுத்துட்டுப் போறேன்." வாசலிலேயே போட்டுக்கொண்டாள். கை நீளமாகத் தொங்கியது. சுபாங் போய்ச் சேரும் வரை வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், கழற்றச் சொன்னபோது முறைத்தாள்.

குளிர்காலத்தில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளின் பரீட்சை, கணவரின் முட்டி வலி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தாள். இந்த முறை ஒரு வரியையும் தாண்டாமல், அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று வாசித்தேன்.

'கோட்டை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வெளி வராந்தாவில் செருப்புகளுக்கு மேலே ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். இந்த ஊரில் யாராவது கோட்டை வெளியே தொங்கவிடுவார்களா என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். காலையில் எடுத்துப் போட்டால் ஐஸ்கட்டி மாதிரி இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அஞ்சு நிமிஷம்தான்டா. அப்புறம் சூடாகிவிடுகிறது.'